பிளாஸ்டிக் ஆல்டோவின் கதை: பழைய சாக்ஸபோனின் நாதம் எதில் இருக்கிறது?

1994 செப்டம்பரில், லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பழைய ஆல்டோ சாக்ஸபோன் (சாக்ஸபோன் வகைகளில் நடுத்தர அளவுள்ளது) 93,500 பவுண்டுக்குப் போனது. ஏலத்துக்கு முன் அதை எடுத்து வாசித்துக் காட்டியவர் பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர் பீட்டர் கிங். வாங்கியது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி. மேயர் இமானுவேல் கிளீவர் முன்னின்று எடுத்தார். அந்த ஊரில் வளர்ந்த ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்த வாத்தியம் அது. இவ்வளவு விலைக்கு அந்தப் பெயர்தான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாத்தியத்தின் உடல் பித்தளையே இல்லை. பாலாடை நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக். 1950-ல் கடைக்கு வந்தபோது விலை 55 கினி, அதாவது 57 பவுண்டு 15 ஷில்லிங். நல்ல பித்தளை ஆல்டோவுக்குக் கொடுக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி.

பழைய ஆல்டோ என்றாலே பேச்சு உலோகத்தைப் பற்றித்தான் தொடங்கும். "அந்தக் காலத்துப் பித்தளையே வேறு" என்பார்கள். பிரான்ஸில் செய்யப்பட்ட செல்மர் மார்க் சிக்ஸ் வாத்தியங்கள் போரில் சுட்ட பீரங்கி ஷெல்களை உருக்கிச் செய்யப்பட்டவை என்று ஒரு கதை பல பத்தாண்டுகளாக உலவுகிறது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. கதைக்கு மட்டும் சாவே இல்லை. நாதம் உலோகத்தில்தான் இருக்கிறது என்றால், உடலில் உலோகமே இல்லாத ஓர் ஆல்டோவில் ஜாஸ் வரலாற்றின் முக்கியமான இரண்டு பேர் வாசித்ததை என்ன சொல்வது? கிராஃப்டன் என்ற இந்தப் பிளாஸ்டிக் ஆல்டோவை அதற்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பழைய வாத்தியங்களைப் பற்றிய நம்பிக்கைகளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைக்காது.

கிராஃப்டன் பிறந்த கதை

இதை உருவாக்கியவர் ஹெக்டர் சொமருகா. இத்தாலியர், லண்டனில் குடியேறியவர். 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், மறு ஆண்டே ஒரு மாதிரியைக் கண்காட்சியில் வைத்தார். அந்த மாதிரி பார்க்க அழகு, வாசிக்க முடியாது. அவருடைய பட்டறை இருந்த கிராஃப்டன் வே என்ற தெருவின் பெயரே வாத்தியத்துக்கும் ஆனது. கடைசியில் 1950-ல் ஜான் டாலஸ் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் தயாரிப்பில் இறங்கியது.

காலத்தைக் கவனியுங்கள். போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்குப் பயன்பட்ட அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக், போர் முடிந்ததும் புது வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். பித்தளை சாக்ஸபோனின் உடல் தகட்டை வெட்டி, சுருட்டி, பற்றவைத்து, இழுத்து, தட்டிச் செய்வது, கைவேலை அதிகம். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துவிடலாம். கணக்கு சரிதான்.

ஒரு கிராஃப்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது பித்தளை ஆல்டோவின் நகல் இல்லை என்பது உடனே தெரியும். உடலும் பெல்லும் (வாயகன்ற முனை) பாலாடை நிறம். துளைகளை மூடித் திறக்கும் கீகள் தங்க நிற லாக்கர் (மெல்லிய மெருகுப் பூச்சு) பூசிய பித்தளை, மேலே செருகும் வளைந்த குழாயான நெக்கும் உலோகம். பெல் அருகே உள்ள பெரிய கீகளுக்கு மேல் போடும் காப்புத் தட்டு மட்டும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வழக்கமான சாக்ஸபோனில் கீயைத் தள்ளித் திறக்க ஊசி போன்ற மெல்லிய எஃகு ஸ்பிரிங் இருக்கும். அதைப் பித்தளைத் தூணில் குத்தி நிறுத்துவார்கள். பிளாஸ்டிக்கில் அது முடியாது. அதனால் சொமருகா சுருள் ஸ்பிரிங் போட்டார். விரலுக்கு அது வேறு மாதிரி இருக்கும்: அழுத்தும்போது எதிர்ப்பு சற்று மெத்தென்று, திரும்பி வரும்போது துள்ளல் குறைவு. பழுதானால் அந்த ஸ்பிரிங் வேறெங்கும் கிடைக்காது. உடல் கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம். அக்ரிலிக் விரிசல் விடும், அவ்வளவுதான். பழுது பார்ப்பவர்கள் கிராஃப்டன் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவதற்கு இதுதான் காரணம்.

பிரிட்டனில் ஜான் டாங்க்வொர்த் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அதை வாசித்தார்கள். ஆனாலும் 'பொம்மை' என்ற பெயரை அது கடைசிவரை உதற முடியவில்லை. ஆல்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கும் ஒரு மாதிரி செய்தார்கள், அது சந்தைக்கு வரவே இல்லை. 1960களின் இறுதியில் தயாரிப்பு நின்றது. அச்சுகளும் கருவிகளும் பழைய இரும்புக்குப் போயின.

டொராண்டோ, 1953 மே 15

மேஸி ஹால். மேடையில் ஜாஸின் பெரிய பெயர்கள் ஐந்து: சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச். ஐவரும் ஒன்றாகப் பதிவானது அந்த ஒரு இரவில்தான். அரங்கு நிறையவில்லை. அதே இரவில் சிகாகோவில் மார்சியானோவும் வால்காட்டும் மோதிய ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி. ஊரே அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. (அந்தச் சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது என்பது தனிக் கதை.)

பார்க்கரின் கையில் அன்று இருந்தது கிராஃப்டன். தன்னுடைய வாத்தியத்தை அடகு வைத்துவிட்டு வந்தார், அதனால் கிடைத்ததை வாசித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. விற்பனையாளர் ஒருவர் முன்பே அவருக்கு அதைக் கொடுத்திருந்தார் என்பது இன்னொன்று. எது உண்மையானாலும் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: உச்சத்தில் இருந்த கலைஞர், பித்தளை உடல் இல்லாத ஆல்டோவில், பதிவாகும் ஒரு கச்சேரியை வாசித்தார். ஒப்பந்தச் சிக்கலால் பதிவில் அவர் பெயர் 'சார்லி சான்' என்று போடப்பட்டது. பெயரை மாற்றியும் யாரும் ஏமாறவில்லை. ஊதும் தொனியைக் கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பார்க்கர் அதற்கு முன் கான் நிறுவனத்தின் 6எம் ஆல்டோவை வாசித்திருக்கிறார். 1947-லிருந்து கிங் சூப்பர் 20. மூன்று வெவ்வேறு தயாரிப்பு, மூன்று வெவ்வேறு உள்வடிவம், ஒன்று பிளாஸ்டிக் வேறு. மூன்றிலும் அதே கூர்மை, அதே அவசரம், மேல் ஸ்தாயியில் லேசாகக் கிழிவது போன்ற அதே விளிம்பு.

இருந்தாலும் இந்தப் பதிவை அப்படியே சாட்சிக் கூண்டில் ஏற்ற நான் தயங்குவேன். நேரடிக் கச்சேரியின் டேப். மைக் நின்ற இடமும் அரங்கின் எதிரொலியும் அதில் கலந்திருக்கின்றன. மிங்கஸ் பின்னர் ஸ்டுடியோவில் தன் பாஸை மேலே சேர்த்துப் பதிந்தார். இதைக் கேட்டுவிட்டு "பிளாஸ்டிக்கின் தொனி இப்படித்தான்" என்றோ, "வித்தியாசமே இல்லை" என்றோ தீர்ப்பு எழுதுவது அவசரம். இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு: வாசிப்பவரின் அடையாளத்தை மறைக்கும் அளவுக்கு உடலின் பொருள் வேலை செய்யவில்லை.

ஆர்னெட் கோல்மன் சொன்னது

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஜாஸ் ஆல்டோ கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிராஃப்டன் வாங்கினார். காரணம் பணம்தான்; புதிது வேண்டும், விலை குறைவாகவும் இருக்க வேண்டும். முதலில் பிடிக்கவில்லை. பிறகு அதிலேயே ஊறிவிட்டார். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவர் வாசிக்கத் தொடங்கியபோது ஜாஸ் உலகம் இரண்டாகப் பிளந்தது. அந்த மேடையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஆல்டோதான். கேலி செய்தவர்களுக்கு அதுவும் ஒரு சாக்கானது.

கிராஃப்டனின் ஒலி உலர்ந்தது, உலோகத்தின் 'கிணீர்' அதில் இல்லை என்பது கோல்மனின் அனுபவம். அதைத்தான் அவர் விரும்பினார். கேட்பவர்களில் பலரும் அப்படியே சொல்வார்கள். ஆனால் கண்ணால் வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பார்த்த பிறகு காது என்ன கேட்கும் என்பதை நம்ப முடியாது.

இயற்பியல் இதற்கு என்ன சொல்கிறது? சாக்ஸபோனில் ஒலிப்பது குழாய் இல்லை, குழாய்க்குள் இருக்கும் காற்று. ஊதும் முனையில் உள்ள ரீட் என்ற மெல்லிய நாணல் தகடு காற்றை வெட்டி வெட்டி விடுகிறது; கூம்பு வடிவக் காற்றுத் தூண் அதற்கு ஒத்து அதிர்கிறது; ஒலி திறந்த துளைகள் வழியாகவும் பெல் வழியாகவும் வெளியே போகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய பித்தளைச் சுவர் அதிர்வது உண்மை, விரலில் உணரலாம். ஆனால் அந்தச் சுவரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி, காற்றுத் தூணின் ஒலிக்கு முன்னால் மிகமிகச் சிறியது.

அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-ல் புல்லாங்குழலில் இதைச் சோதித்து வெளியிட்டார். மெல்லிய வெள்ளி, தடித்த செம்பு, மரம் என்று மூன்று குழல்கள். உள்ளளவு எல்லாம் ஒன்றே. மறைவிலிருந்து வாசித்தால் கேட்பவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசிப்பவர்களையும் விடவில்லை அவர்: எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி மூன்று குழல்களையும் சுழலும் தண்டில் பொருத்திக் கொடுத்தார். அவர்களாலும் முடியவில்லை. புல்லாங்குழல் வேறு, சாக்ஸபோன் வேறு என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. சாக்ஸபோன் அளவில் பெரிது, சுவர் அகலத்துக்கு மெல்லியது. ஆனாலும் உலோகக் கட்சிக்குத்தான் ஆதாரம் காட்டும் பொறுப்பு இருக்கிறது.

அப்படியென்றால் கோல்மன் கேட்டது பிரமையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிராஃப்டன் பித்தளை ஆல்டோவிலிருந்து மாறுபடுவது பொருளில் மட்டுமா என்ன? சுவர் தடிமன் வேறு, அதனால் துளை விளிம்புகளின் உயரமும் உருண்டையும் வேறு. கீ எவ்வளவு தூக்குகிறது என்பது வேறு. ஸ்பிரிங் வேறு. இவை ஒவ்வொன்றும் ஒலியை மாற்றக்கூடியவை, அளந்து காட்டக்கூடியவை. போதாததற்கு, வாசிப்பவர் தன் ஒலியைக் காதால் மட்டும் கேட்பதில்லை. பல்லைத் தொட்டிருக்கும் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வழியாகவும், கட்டைவிரல் தாங்கும் கொக்கி வழியாகவும் அதிர்வு வருகிறது. தடித்த பிளாஸ்டிக் கையில் 'செத்து' இருக்கும். அந்த உணர்வுக்கு ஏற்ப உதடும் மூச்சும் தாமாகவே மாறும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாற்றம் கேட்கும். பொருள் ஒலியை நேராக மாற்றாமல், வாசிப்பவரின் உடலைச் சுற்றி வந்து மாற்றுகிறது. என் முடிவு இதுதான்.

கோல்மன் பிற்காலத்தில் பித்தளைச் செல்மருக்கு மாறினார், அதற்கும் வெள்ளை நிறம் பூசி. முதல் இரண்டு சுரத்திலேயே அவர்தான் என்று தெரியும்.

அப்போது பழைய ஒலி என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது. தேடுகிற இடம்தான் தவறு.

1920களில் அமெரிக்காவில் சாக்ஸபோன் பைத்தியம் பிடித்து ஆடியது. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற சிற்றூரில் கான், புஷர், மார்ட்டின் என மூன்று பெரிய ஆலைகள். கிளீவ்லண்டில் கிங். ஒவ்வொருவருக்கும் தனி யோசனை. கான் துளை விளிம்புகளைச் சுருட்டி உருண்டையாக்கியது. மார்ட்டின் துளைக் குழாய்களைத் தனியாகச் செய்து உடலில் பற்றவைத்து, விளிம்பைச் சரிவாகச் சீவியது. புஷர், துளையை மூடும் மெத்தை போன்ற பேடுகளை ஒட்டாமல் பட்டன் போல அழுத்திப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தது. கானின் 6எம்-மில் நெக்கிலேயே சுருதி திருகும் அமைப்பு உண்டு. கூம்பு எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. கான் ஆல்டோவின் அடிச் சுரங்கள் அகலமாக விரிந்து வருவதும், செல்மரின் ஒலி ஒரே கோட்டில் குவிந்து போவதும் இந்த வடிவத்திலிருந்து வருபவை. பின்னாளில் எல்லோரும் செல்மரைப் பார்த்துச் செய்யத் தொடங்கியதும் இந்தப் பன்மை போய்விட்டது. ஆக, பழைய ஒலி என்று நாம் ஏங்குவதில் பெரும்பகுதி, கைவிடப்பட்ட வடிவங்களின் ஒலி.

இரண்டாவது காரணம் மவுத்பீஸ். அந்தக் கால மவுத்பீஸ்களின் உள்ளறை பெரிது, வட்டமானது. தொனி இருண்டு, உருண்டு வரும். இன்றையவை பல ஒடுங்கிய அறையும் உயர்ந்த உள்தளமும் கொண்டவை, பளிச்சென்று வெட்டும். சாக்ஸபோன் என்பது முனை வெட்டப்பட்ட கூம்பு. வெட்டுப்பட்ட முனையின் கொள்ளளவை மவுத்பீஸ்தான் ஈடுகட்ட வேண்டும். பெரிய அறைக்கென்று வடிவமைத்த பழைய ஆல்டோவில் இன்றைய சின்ன அறையை மாட்டினால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. "பழைய கான் சுருதி சேராது" என்று ஒதுக்கப்படும் வாத்தியங்களில் கணிசமானவை இந்தப் பொருத்தக் கோளாறால் கெட்ட பெயர் வாங்கியவை.

மூன்றாவது, வடிகட்டல். 1920களில் பெட்டி பெட்டியாக வந்த வாத்தியங்களில் சுமாரானவை பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் முடிந்தன. நல்லவை கை மாறிக் கை மாறி, பேட் மாற்றி, சரி பார்த்து நம்மிடம் வந்திருக்கின்றன. மிஞ்சியதை மட்டும் பார்த்து அந்தக் காலமே பொற்காலம் என்கிறோம்.

பேட், ஸ்பிரிங் போன்ற சின்ன விஷயங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழர்களுக்குப் பழக்கமான சாட்சி கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட வாத்தியத்தில் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவர, அவர் உடலின் உலோகத்தைத் தொடவில்லை. தோல் பேடுகளுக்குப் பதில் ரப்பர் மெத்தைகள் வைத்தார். கீகளின் இணைப்புகளில் நூலைப் பயன்படுத்தினார். பாதித் துளை மூடி, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போக இப்படிப்பட்ட இடங்களில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. 1994-ல் 'டூயட்' படத்தில் நாம் கேட்ட ஆல்டோவின் குழைவு அப்படி வந்தது.

விலை எதைத் துரத்துகிறது

சந்தை இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. செல்மர் மார்க் சிக்ஸ் 1954-லிருந்து 1970களின் நடுப்பகுதி வரை வந்தது. வரிசை எண் ஐந்து இலக்கம் என்றால் ஒரு விலை, ஆறு இலக்கம் ஆனதும் இன்னொரு விலை. 99,000-க்கும் 1,01,000-க்கும் நடுவில் ஆலையில் எந்த அதிசயமும் நடந்துவிடவில்லை. இருந்தும் வாங்குபவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். ஒன்று மட்டும் நியாயம்: அசல் லாக்கர் உள்ளதற்கு விலை அதிகம் என்பது. மறுபூச்சுக்கு முன் உடலைத் தேய்ப்பார்கள். அப்போது செதுக்கல் மழுங்கும், துளை விளிம்புகளும் தேயலாம். அது ஒலியைத் தொடும் சேதம்.

கிராஃப்டனின் விலை இன்னும் விசித்திரம். இன்று அதைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் வாசிக்கத் தேடவில்லை. பிளாஸ்டிக் ஆல்டோவில் வாசிக்க ஆசைப்படுபவருக்குத் தாய்லாந்தின் வைப்ராட்டோ நிறுவனம் பாலிகார்பனேட்டில் செய்வது கிடைக்கும். பார்க்கரின் கிராஃப்டன் கான்சஸ் சிட்டியில் 1997-ல் திறந்த அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாங்க நினைப்பவருக்கு

பழைய ஆல்டோ ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சின்ன விளக்குச் சரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அறையை இருட்டாக்கி, விளக்கை உடலுக்குள் இறக்கி, கீகளை மெதுவாக, அழுத்தம் தராமல் மூடுங்கள். பேடின் ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. ஓர் ஆல்டோவில் இருபதுக்கும் மேற்பட்ட பேடுகள். மேலே ஒன்று ஒழுகினாலும் கீழே உள்ள சுரங்கள் தடுமாறும். "பழைய வாத்தியம், ஊதக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒழுகாத ஆல்டோ எந்த வயதிலும் முரண்டு பிடிக்காது.

அப்புறம் நெக். உடலோடு சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. நெக்கின் வரிசை எண், உடலின் எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள், எண் பொறிக்கும் தயாரிப்பு என்றால். நெக் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் அடிப்பக்கத்தில் சுருக்கம் தெரியும். கூம்பின் மிக நுண்மையான பகுதி அது, சிறு நசுங்கல்கூடச் சுருதியில் தெரியும். பெல்லில் உள்ள நசுங்கலுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம், அதைக் காட்டி விலை குறைக்கலாம்.

மவுத்பீஸ் உங்களுடையதையே கொண்டுபோங்கள். கூடவே பெரிய வட்ட அறை உள்ள இன்னொன்றையும் இரவல் வாங்கிப் போங்கள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் இரண்டு மவுத்பீஸிலும் வாசித்துப் பாருங்கள். குறை வாத்தியத்திலா மவுத்பீஸிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கையில் உள்ள தொகை முழுவதையும் வாத்தியத்துக்கே கொடுத்துவிடாமல், மொத்தப் பேடும் மாற்ற ஆகும் செலவை முதலிலேயே ஒதுக்கிவிட்டுப் பேரம் பேசுங்கள். கிராஃப்டன் ஒன்று கண்ணில் பட்டால் ஸ்பிரிங்குகள் எல்லாம் உள்ளனவா, பெல் தாங்கி அருகே விரிசல் ஓடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரிசல் இருந்தால் அலமாரிக்குத்தான் ஆகும்.